ஓரமா இழுக்கும் லாரி

"இன்னும் எவ்வளவு நேரம்டா மாப்ளே உன் வைத்தியம்?"

லாரி முதலாளி கேட்டதற்கு, லாரிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள் மட்டும் அசைந்தன. கால்களுக்குச் சொந்தக்காரன் பட்டறை மெக்கானிக், முதலாளி மனைவியின் தம்பி. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் அவர் தன் பழைய லாரியை வேறு பட்டறையில் விடுவதில்லை. விட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

"ஸ்டியரிங் ஆயில் சரியா இருக்கு மாமா. நுரையும் இல்லை. பெல்ட் இறுக்கமா இருக்கு. ஹோஸ்ல ஒழுகலை. பம்ப்ல சத்தம் இல்லை. ஸ்டியரிங் பாக்ஸும் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன எழவுக்கு வண்டி இழுக்குது?"

பக்கத்தில் நின்ற டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"நேர் ரோட்டுல நல்லாத்தான் போய்க்கிட்டு இருக்கும் முதலாளி. திடீர்னு ஓரமா இழுத்துடுது. நேத்து பாலத்துச் சுவத்துல மோத இருந்துச்சு. அடிச்சுப் பிடிச்சுத் திருப்பினேன். உசிரு போய் உசிரு வந்துச்சு."

முதலாளியின் கைப்பேசி மறுபடியும் அலறியது. டைல்ஸ் லோடு கொடுத்தவர்தான். சாயந்திரத்துக்குள் வண்டி கிளம்பாவிட்டால், அந்த மனிதர் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். முதலாளி போனை எடுக்காமல் சட்டைப்பைக்குள் அமுக்கினார்.

மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"நின்ன இடத்துல பார்த்தா தெரியாது. அண்ணே, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பார்க்கறேன்."

லாரி கிளம்பிப் போனது. முதலாளி பட்டறை வாசலில் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். போனவர்கள் வருவதாக இல்லை. எங்கேயாவது சாய்த்துவிட்டார்களோ என்று ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தார்.

ஒருவழியாக லாரி திரும்பி வந்தபோது ஓட்டி வந்தது மெக்கானிக். அவன் முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர் இறங்கியதும் மூலையில் கிடந்த பழைய சீட்டில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

"என்னடா ஆச்சு?"

"பாக்ஸ் போயிடுச்சு மாமா. புதுசு வெளியூர்லேர்ந்து வரணும். ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் வண்டி நகரக்கூடாது."

"இப்பத்தானே பாக்ஸ் நல்லா இருக்குன்னே?"

"அப்போ இருந்துச்சு. இப்போ இல்லை."

"என்ன விளையாடறியா? கழட்டிக் காட்டு!"

"கழட்டினா மறுபடியும் மாட்ட முடியாது."

சொல்லும்போது அவன் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தான். அங்கேதான் முதலாளிக்குப் பொறி தட்டியது. சொந்த மச்சினனே தலையில் மிளகாய் அரைக்கிறான்! பட்டறையில் வேறு வண்டி எதுவும் இல்லை. ஈ ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு மாமாவின் லாரி கிடைத்திருக்கிறது, விடுவானா? இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டுத்தான் முதலாளி ஆனவர் அவர். அவரிடமேவா?

"சாவியைக் கொடு."

மெக்கானிக் தயங்கினான்.

"கொடுடா! பாக்ஸ் போன வண்டி எப்படி ஓடுதுன்னு நானும் பார்க்கறேன்."

கொடுத்துவிட்டான். அவன் தடுக்காதது முதலாளியின் சந்தேகத்தை உறுதியாக்கியது.

பட்டறைக்குப் பின்னால் இருந்த ரோட்டில் லாரியை ஏற்றினார். முதல் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். ஸ்டியரிங் வெண்ணெயாகச் சுற்றியது. நேர் ரோட்டில் வேகம் கூட்டினார். இழுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கையை எடுத்தே பார்த்தார். லாரி இம்மி பிசகாமல் நேராகப் போனது.

திரும்பி வந்து கதவை அறைந்து சாத்தினார்.

"பச்சைப் பொய்! உன் அக்காவைக் கூப்பிடறேன். அவ தம்பி யோக்கியதையை அவளும் தெரிஞ்சுக்கட்டும்!"

"மெதுவா மாமா, அண்ணன் தூங்கறார்."

"தூங்கினா என்ன? எந்திரிச்சு வந்து இந்தக் கூத்தைப் பார்க்கட்டும்!"

மெக்கானிக் அவர் கையைப் பிடித்து லாரிக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு மாமா. வண்டியில ஒரு கோளாறும் இல்லை. முன்னாடி ரோட்டோரமா ஒரு பஸ் நின்னுக்கிட்டு இருந்துச்சு. நம்ம வண்டி ஓரமா சரியுது. திரும்பிப் பார்க்கறேன், அண்ணன் கண்ணு மூடியிருக்கு. நான் பாய்ஞ்சு ஸ்டியரிங்கைப் பிடிக்கலைன்னா இப்போ உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

முதலாளி குனிந்து, லாரிக்கு அடி வழியாக மூலையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"முழிச்சதும் என்ன சொன்னார் தெரியுமா? 'பார்த்தியா தம்பி, இழுக்குதில்ல?'ன்னார். தான் தூங்கினதே அவருக்குத் தெரியலை. ஒரு வாரமா லோடு மேல லோடாம். வீட்டுப் பக்கமே போகலையாம். இறக்கி முடிக்கிறதுக்குள்ள நீங்க அடுத்த லோடுக்கு போன் பண்ணிடறீங்களாம்."

முதலாளிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"தூங்கிக்கிட்டா என் வண்டியை ஓட்டறான்? இன்னிக்கே அவனை வேலையை விட்டுத் தூக்கறேன் பாரு!"

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்க இதைத்தான் சொல்வீங்கன்னு தெரிஞ்சுதான் மாமா, பழியை வண்டி மேல போட்டேன். வண்டிக்குக் கோளாறுன்னாதானே நீங்க ரெண்டு நாள் ஓய்வு கொடுப்பீங்க?"