உலையின் பழைய எண்

மேசை மேசையாகக் குனிந்து கம்ப்யூட்டர்களின் ஐ.பி. எண்களைச் சரிபார்த்ததில் ஜெபாவுக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

“இன்னாம்மா, எந்த சாஃப்ட்வேரை வாங்கலாம்?” என்றார் மேனேஜர் மொஹசின். “அந்த அன்பு நம்பரையெல்லாம் நோட்டுல எழுதிக்கினு, உலையை ஓட்டுற கம்ப்யூட்டருக்கும் இன்னொண்ணுக்கும் ஒரே நம்பர் குடுத்து ஃபேக்டரி உலையையே நிறுத்துனான். வேலையை வுட்டே அனுப்பினோம். அந்த பேஜாரு இனிமே வேணாம்.”

“எக்செல்லே போதும் சார்.”

“மூணு மாசமா சாஃப்ட்வேர் கேட்டு நச்சரிச்சது நீதானே! எந்த நம்பர் எங்க இருக்குன்னு அதுவே தேடிக் காட்டும்னியே?”

“காட்டுது சார்.”

காலையில்தான் அந்த சாஃப்ட்வேரின் சோதனைப் பிரதியை ஓட்டிப் பார்த்திருந்தாள். உலைக்கென்று அன்பு நோட்டில் எழுதிவைத்திருந்த, உலை நின்றபின் மாற்றப்பட்ட பழைய எண், அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஏதோ அவசரத்தில், நோட்டைப் பார்க்காமல் அவளே போட்டுக்கொண்டது.

“சரி, கம்பெனிக்கு மிச்சம்” என்று மொஹசின் எழுந்து போனார்.

ஆரம்பாக்கத்தில் அன்பு வயல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு ஜெபா தர வேண்டிய பாக்கி, ஒரு வேலை.