கடைசியில் நடப்பவள்

"கரடிக்கு நம்ம மேல கோபம் எதுவும் கிடையாது. அதைத் திடுக்கிட வைக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள் வழிகாட்டிப் பெண்.

எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்க மலையின் வரைபடம். சுருண்டுகொள்ளாமல் இருக்க, மூலைக்கு ஒரு காலிக் கோப்பை வைத்திருந்தோம்.

என் வீட்டுக்காரர் உச்சியின் மேல் வைத்த விரலை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் யாராவது கொண்டு போய்விடுவார்கள் போல.

எதிரில் இவருடைய நண்பர், எல்லோருக்கும் மீசை. பாட்டில் ஆலையில் இவரோடு ஒரே ஷிஃப்டில் கிடந்தவர். நானும் அதே ஆலைதான், மூடி போடுகிற மெஷினின் இரைச்சலில். ஓய்வு பெற்ற பிறகு, "இப்ப ஏறலைன்னா எப்ப ஏறுறது" என்று இவர்தான் ஆரம்பித்தார். பேச்சாகவே போய்விடும் என்றிருந்தேன். காப்புக்காட்டுக்குள் நுழைய அனுமதியே வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

போன மாதம் இவர் குளியலறையில் மயங்கி விழுந்தார். நெஞ்சுத் துடிப்பு தப்பித் தப்பி அடிக்கிறதாம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இவர் மலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

"மீசைகிட்ட சொல்லிடாதே. என்னைக் கழட்டி விட்டுட்டு அவன் மட்டும் ஏறிடுவான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை கெஞ்சி நான் பார்த்ததில்லை.

சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த மனிதர் சொல்லாமலே கிளம்பிப் போகிற ரகம்.

மீசைக்கு வேடிக்கை. "மலையிலயும் காவலா தங்கச்சி? அங்க யாரு இவனைக் கொத்திட்டுப் போகப் போறா?"

"கரடிக்குக் கண்ணு சரியாத் தெரியாதாம் அண்ணே. அதான் பயமா இருக்கு."

இவர்தான் அதிகம் சிரித்தார்.

வரைபடத்தில் பாதை ஒற்றையடி. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் சரிவு. முன்னால் வழிகாட்டிப் பெண், அவள் பின்னால் மீசை, அப்புறம் இவர்.

"கடைசியா நான் வரேன்" என்றேன். இவருடைய முதுகு என் கண்ணிலேயே இருக்க வேண்டும். கால் பின்னினால் என் கை எட்ட வேண்டும்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடைசி ஆள் சும்மா வர்ற ஆள் இல்லம்மா. கரடியைப் பார்த்தா நான் வாய் திறக்க மாட்டேன், விசில்தான். ஒண்ணு கேட்டா நின்ன இடத்துல நிக்கணும். ரெண்டு கேட்டா மெதுவாப் பின்னால போகணும். அப்ப நீங்கதான் முதல் ஆள். நீங்க நகர்ந்தாத்தான் இவங்க நகர முடியும்."

தலையை ஆட்டி வைத்தேன்.

பையிலிருந்து விசிலை எடுத்தாள். சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

"பெரிய விசில் ஊதினா காடே மிரளும். இது மெல்லிசா, குருவி மாதிரி இருக்கும். பழகிப் பார்த்துடலாமா? ஆளுக்கொரு வேலை பாருங்க. எப்ப ஊதுவேன்னு சொல்ல மாட்டேன்."

இவர் புது ஷூவைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தார். மீசை ஜன்னலோரம் போனார். நான் கோப்பைகளை அள்ளிக்கொண்டு தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது.

"தண்ணி ஆளுக்கு எத்தனை பாட்டில் வேணும்?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். இவர் பாதி குனிந்தபடி நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு காலில் ஷூ. வாய் லேசாகத் திறந்திருந்தது. அசைவே இல்லை.

கோப்பை கை நழுவி உடைந்தது. "என்னங்க, என்ன பண்ணுது" என்று ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

இவர் கண்ணால் ஜாடை காட்டினார். அப்போதுதான் மீசையைப் பார்த்தேன். மீசையில் வைத்த கை வைத்தபடி, ஜன்னலோரம் மரக்கட்டை மாதிரி நின்றிருந்தார்.

"போச்சு" என்றார் மீசை, வாயை மட்டும் அசைத்து. "கரடிக்கு நாம நாலு பேரும் பலகாரம்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளங்கை ஈரமாக இருந்தது, குழாய்த் தண்ணீர்தான்.

"தண்ணிச் சத்தத்துல கேட்டிருக்காது" என்றாள் அந்தப் பெண்.

குழாயை இறுக மூடினேன். அவளுக்கு நேராக வந்து நின்றேன்.

"இன்னொரு தடவை ஊதும்மா."

விசிலை வாயில் வைத்தாள்.

தலைக்கு மேல் விசிறி உறுமுவது கேட்டது. தெருவில் லாரி ஒன்று கியர் மாற்றுவது கேட்டது. மீசை முகத்தைச் சுளித்து ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

விசில் அவள் வாயை விட்டு இறங்கியது.

இவர் இன்னொரு ஷூவை எடுத்து, பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளை மாதிரி நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை கேட்டுச்சும்மா?" என்றாள் வழிகாட்டிப் பெண்.

அவள் கன்னம் இரண்டு முறை உப்பி இறங்கியிருந்தது.

"ரெண்டு" என்றேன்.