வார்டில் மூன்றாவது பதில்

நாளைக் காலை நோயாளிகள் வரப்போகும் வார்டு அது. கட்டிலருகே இருக்கும் லினக்ஸ் கணினி "யாராவது இருக்கீங்களா?" என்று எல்லோருக்கும் பொதுவாகக் கூப்பிட்டால், நர்சுகளின் மேசையிலுள்ள இரண்டு விண்டோஸ் கணினிகளும் "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். அக்கா எழுதிய புரோகிராமுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். காலையிலிருந்து அதுவும் வரவில்லை.

"உன் புரோகிராம்லதான் கோளாறு," என்றான் நெட்வொர்க் போட்ட தம்பி.

"ஃபயர்வாலைத் திறந்தியா?"

"திறந்தாச்சுன்னு எத்தனை தடவை சொல்றது?"

அக்கா நர்சுகளின் மேசைக்குப் போய்ப் பார்த்தாள். வெளியிலிருந்து வரும் கூப்பாடுகளைத் தடுக்கும் அந்த ஃபயர்வாலை, தம்பி வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்திருந்தான். இரண்டு கணினிகளும் தாங்கள் பொது நெட்வொர்க்கில் இருப்பதாக நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டிருந்தன.

"அறிவு இருக்கா உனக்கு? ஒரு நாள் பூரா என் உசிரை வாங்கிட்டியே!"

அவளே பொது நெட்வொர்க்குக்கும் திறந்துவிட்டு, கட்டிலருகே திரும்பி வந்து, கூப்பிடும் பொத்தானை அழுத்தினாள். மூன்று பதில்கள் வந்தன.

"நம்ம குரல் நமக்கே கேட்குது, அவ்வளவுதான்," என்றான் தம்பி.

"என் புரோகிராம் தனக்குத்தானே பதில் சொல்லாதுடா!"

கோபத்தில் கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். காலிக் கட்டில்களைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்: "யாரு அது?"

யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. கேபிள் அவள் கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வரி வந்தது.

"காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். கத்தாதீங்க, இங்க தூங்குறாங்க."