எட்டு வருஷம் நிற்காத கடிகாரம்

"தியேட்டரை இடிக்கப் போறாங்க. கணக்கெடுத்தா, ஆறு எக்ஸிட் போர்டுலயும் குழாயைக் காணோம். கரண்ட் இல்லாமலே பச்சையா ஒளி விடுற குழாய். உள்ளே கதிரியக்க வாயு. வீட்டுல வெச்சிருக்கிறவன் நேரா ஜெயிலுக்குத்தான் போவான். நீங்கதானே அங்க எலக்ட்ரீஷியனா இருந்தீங்க?" என்றார் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி.

"ரிட்டயராகி எட்டு வருஷம் ஆச்சு சார். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் பெரியவர்.

வாய் பொய் சொல்லும்போது கண்ணாவது சும்மா இருக்க வேண்டாமா? அது சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. அதிலிருந்து இறங்கிய இரண்டு ஒயர்கள், அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் நுழைந்தன.

காணாமல்போன ஆறு குழாய்களும் அந்த டப்பாவுக்குள்தான் இருந்தன. பழைய கால்குலேட்டர்களிலிருந்து பிடுங்கிய சோலார் செல்களை அவற்றைச் சுற்றி ஒட்டியிருந்தார். பச்சை வெளிச்சம் கரண்டாக மாறும். இருபது வருஷம் பேட்டரியே மாற்ற வேண்டாம். ஃபியூஸ் போடவே மூன்று தடவை யோசிக்கிற தன் மண்டையிலா இது உதித்தது என்று அவருக்கே அவ்வப்போது சந்தேகம் வரும். ஆனால் கடிகாரம் நிற்கவில்லையே! அதைத் துடைப்பது மனைவியின் வேலை, பார்த்துப் பூரிப்பது அவருடைய வேலை.

ஆதாரம் எதுவும் கிடைக்காமல் அதிகாரி எழுந்தார். போகிற போக்கில் டப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "என்ன இது, பேரன் செஞ்ச பொம்மையா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியத்தைப் பொம்மை என்றால் எப்படிப் பொறுப்பது?

"பொம்மையா? நான் கண்டுபிடிச்ச பேட்டரி சார்! எட்டு வருஷத்துல ஒரு தடவைகூட நின்னதில்ல!" என்று மூடியைத் திறந்தே காட்டிவிட்டார்.

அதிகாரி நிதானமாக எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். இனி ஜெயில்தான் என்று பெரியவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு அல்ப ஆறுதல். ஜெயிலுக்குத் திருடனாகப் போகவில்லை, விஞ்ஞானியாகப் போகிறோம்.

"இது சாட்சிப் பொருள், எடுத்துட்டுப் போறேன்" என்று டப்பாவிலிருந்த ஒயர்களைப் பிடுங்கினார் அதிகாரி.

கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இருவரும் அதையே அண்ணாந்து பார்த்தார்கள். சமையலறை வாசலில் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாட்டின மறுநாளே நின்னுபோச்சுங்க. நீங்க மனசொடிஞ்சு போயிடுவீங்களேன்னு, அதுலேருந்து நான்தான் கடையில பேட்டரி வாங்கிப் பின்னால போட்டுட்டு வரேன்."