சுருண்ட இலை

காலையில் பழுப்புப் பூச்சி ஒன்று அடுக்களைக்குள் பறந்தது. சுவரில் உட்கார்ந்து சிறகைப் பாதி விரித்தது.

என் மனைவி துமினா அதைப் பார்த்தாள். பாயை விட்டு எழுந்தாள்.

பட்டாம்பூச்சி வீட்டுக்குள் வந்தால் விருந்தாளி வருவார் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. நான் நம்பியதில்லை. விருந்தாளி பசித்தால் வருவான். பூச்சியைக் கேட்டுக்கொண்டா வருவான்?

அவள் உலை வைத்தாள். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்த தெம்பே வில்லைகளை வறுத்தாள். ஒரு தம்ளரில் தேநீர் ஊற்றித் தகர மூடியால் மூடினாள். சர்க்கரை தூக்கல். எங்கள் மகள் வஸ்தி அப்படித்தான் குடிப்பாள்.

வஸ்தி மலேசியாவுக்கு வேலைக்கென்று படகேறினாள். படகு கவிழ்ந்தது. மற்றவர்களின் உடல்கள் கரை ஒதுங்கின. இவளுடையது இல்லை. அதிகாரி ஒருவர் வந்து ஏதோ சொன்னார். அந்த ஆட்கள் சொல்வதை நான் காதில் வாங்குவதில்லை.

அன்றிலிருந்து துமினா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். கஞ்சி ஊட்டினாலும் வாய் திறப்பதில்லை. பூச்சி வந்தால்தான் எழுவாள்.

பக்கத்து வீட்டுப் பார்ஜோ சுருட்டுக்கு நெருப்பு கேட்டு வந்தான். சுவரைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் பக்கம் வயதான ஆணை 'பாக்', அதாவது அப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள்; பெண்டாட்டியும் அப்படித்தான்.

"என்ன பாக், இது பட்டாம்பூச்சியா? நம்ம நெல்லைத் திங்கிற இலைச்சுருட்டுப் புழுவோட ஆத்தா! இதுக்குப் போயி விருந்தா?"

"நெருப்பை வாங்கிட்டுக் கெளம்புடா. உன் மூஞ்சியப் பாத்தா வர்ற விருந்தாளியும் ஓடிருவான்."

யாரும் வரவில்லை. தேநீரில் எறும்பு விழுந்தது. ஆறிய சோறு வீணாகக் கூடாதென்று துமினா உட்கார்ந்து தின்றாள். கடைசிப் பருக்கை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் மாட்டுக்குப் புல்லறுக்கப் போனேன்.

பார்ஜோ சொன்ன அந்தப் புழு நெல்லிலும் இருக்கும், வரப்புப் புல்லிலும் இருக்கும். இலையை நீளவாக்கில் மடித்து நூலால் தைத்துக்கொள்ளும். உள்ளே வெள்ளை மாவு படிந்திருந்தால் கூட்டுப்புழு ஆகிவிட்டது என்று பொருள். மற்றவர்கள் நசுக்கிப் போடுவார்கள். நான் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வருவேன்.

வீடு திரும்பியதும், அன்று கிள்ளி வந்த இலையை அடுப்புக்கு மேலே கூரையில் செருகக் கையை நீட்டினேன். சத்தமில்லாமல்தான்.

துமினா திரும்பவில்லை.

"அங்க வேணாம் பாக். போன தடவ வச்சது புகையில செத்துப்போச்சு. தண்ணிப் பானைகிட்ட வைங்க."

பானைகிட்ட வைத்தேன்.