தடிக்கம்பி இறங்கி வந்த கதை

தரை அதிரக் கால்தட்டி ஆடும் பிளமென்கோ ஆட்டத்துக்கு வாசிக்கிற கிட்டார் அது. அதன் ஆறு கம்பிகளில் ஆகத் தடித்த கம்பிக்கு, தான் உயரத்தில் இருப்பதில் அப்படியொரு பெருமை. கம்பிகளையெல்லாம் அடியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தது ஓர் எலும்புத் துண்டு. அது வாயே திறக்காது.

"கொஞ்சம் இறங்கி வாங்கண்ணே," என்று கிட்டாரின் கழுத்தில் கம்பிகளுக்கடியில் குறுக்காகப் பதிந்திருந்த உலோகப் பட்டையான மெட்டு கெஞ்சியது. "உங்களை அழுத்தி அழுத்தி வாசிக்கிற பொண்ணுக்கு விரலெல்லாம் கன்னிப்போச்சு. ஆட்டக்காரி வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியல. நம்மளை மூலையில போட்டுட்டு வேற கிட்டார் வாங்கப் போறாளாம்."

"இறங்கினா உன்மேல உரசி என் குரல் கரகரன்னு ஆயிடும். அப்புறம் என் பொழப்பு சந்தி சிரிச்சுடும்," என்றது தடிக்கம்பி.

மறுநாள் அந்தப் பெண் கம்பிகளைத் தளர்த்தி, எலும்பை உருவி எடுத்தாள். அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்தேய் என்று தேய்த்து மறுபடி பொருத்தினாள். கம்பிகள் தாழ்ந்தன.

மாலையில் ஆட்டம். அவள் ஓங்கி மீட்டியதும் தடிக்கம்பி மெட்டில் உரசிக் கரகரத்தது. மானம் போயிற்றே என்று கூசிப்போனது. ஆட்டக்காரியோ, "இந்தக் கரகரப்புதான் வேணும்!" என்று கூவிக்கொண்டே சுழன்றாள். கைதட்டல் அடங்கவே இல்லை.

தடிக்கம்பி நெஞ்சை நிமிர்த்தியது. "பாத்தீங்களா? பெரிய மனசு பண்ணி நானே இறங்கி வந்தேன்."

"ஆமாண்ணே," என்று முதல்முறையாக வாய் திறந்தது எலும்பு. "நீங்க இறங்கி வந்ததுல எனக்குத்தான் இடுப்புக்குக் கீழ எதையும் காணோம்."