நேற்று போய் இறங்கும் விமானம்

“இந்தத் தீவுல இருந்து கிழக்கே ஏழாயிரம் கிலோமீட்டர் சார். ஒன்பது மணி நேரம் பறக்கணும். நடுக்கடல்ல, ஒரு நாள் பின்னால போயிடுற சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டுறதால, இன்னைக்கு மத்தியானம் கிளம்பினா அந்த ஊர்ல நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு இறங்குவீங்க” என்றாள் டிராவல்ஸ்காரப் பெண்.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப நேத்து முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்! அது போதும்மா. எனக்கும் வீட்டுக்காரிக்கும் ரெண்டு டிக்கெட் போடு.”

“ஒரு மணி நேரத்துக்கா சார் இவ்வளவு தூரம்?”

“நேத்து எங்க கல்யாண நாள். சுத்தமா மறந்துட்டேன். அவ என் முகத்தைக்கூடப் பார்க்காம உம்முனு இருக்கா. பயத்துல நானும் வாயைத் திறக்கல. அங்க இறங்கினதும் வாழ்த்துச் சொல்லி, மறக்கவே இல்லைன்னு சாதிச்சிடுவேன்.”

அவர் சொன்ன பெயர்களைக் கம்ப்யூட்டரில் தட்டியவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“உங்க ரெண்டு பேருக்கும் இதே ஃபிளைட்ல காலையிலயே டிக்கெட் போட்டாச்சே சார்!”

“யாரு போட்டது?”

“உங்க வீட்டம்மாதான். கல்யாண நாளை மறந்துட்டாங்களாம். நீங்க கோபத்துல பேச மாட்டேங்கறீங்கன்னு இதே நாற்காலியில உட்கார்ந்து ஒரே அழுகை!”